ஜெய்சல்மேரில் நாலு நாள்: மணலுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தது இது: "டிசம்பர் விடுமுறையில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஜெய்சல்மேர் போகிறோம். கையில் நாலு நாள் இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே தங்கலாமா? பாலைவன டென்ட் நன்றாக இருக்குமா? ஊரைச் சுற்றி வேறு என்ன பார்க்கலாம்? முட்டி வலியுள்ள மாமியாரால் முடியுமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டையை ஆசைதீரப் பாருங்கள், ஆனால் அதற்குள் தங்காதீர்கள். டென்டுக்கு ஒரு ராத்திரி போதும், அதுவும் சாம் மணல்மேட்டுப் பக்கம் வேண்டாம், குரி மணல்மேட்டுப் பக்கம் போங்கள். மாமியார் தாராளமாக வரலாம், கோட்டை ஏற்றத்தில் மட்டும் நிதானம் வேண்டும்.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் என்றதும் எல்லோர் கண்ணுக்கும் ஒட்டகமும் மணலும்தான் வருகின்றன. பேக்கேஜ் டூர் பட்டியலும் அப்படித்தான் இருக்கும். மத்தியானம் கோட்டை, சாயங்காலம் டென்ட், மறுநாள் காலை ஜீப், அப்புறம் ரயில். இப்படிப் போய்வருபவர்கள் அந்த ஊரைப் பார்த்ததாக என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே வருஷத்துக்குப் பெய்வது 20 சென்டிமீட்டர்கூட இல்லாத மழை. சென்னைக்கு வருஷ சராசரி 140 சென்டிமீட்டர். அவர்களுடைய ஒரு வருஷ மழையைவிட அதிகமாக நம் ஊரில் ஒரே நாளில் கொட்டியதும் உண்டு. அந்தச் சொற்ப மழையை வைத்துக்கொண்டு எண்ணூறு வருஷத்துக்கு மேலாக ஒரு நகரம் வாழ்ந்திருக்கிறது, வியாபாரம் செய்திருக்கிறது, கோயில் கட்டியிருக்கிறது, கோதுமைகூட விளைத்திருக்கிறது. எப்படி என்ற கேள்வியோடு போங்கள். ஏரி, கோட்டை, மாளிகை, பாழடைந்த கிராமம் எல்லாம் ஒரே கதையாகக் கோத்து வரும்.

அதனால் முதல் காலையைக் கோட்டைக்குக் கொடுக்காமல் கடீசர் ஏரிக்குக் கொடுங்கள். ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர அரசர் 1156-இல் ஊரை நிறுவியபோதே இங்கே ஏரி வெட்டியதாகச் சொல்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கர்சி சிங் அதைத் திரும்பக் கட்டிப் பெரிதாக்கினார், பெயரும் அவருடையதே. அதிகாலையில் போனால் மஞ்சள் கல் மண்டபங்கள் தண்ணீருக்குள் நிற்பதைக் கூட்டம் இல்லாமல் பார்க்கலாம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். பிள்ளைகளுக்குப் படகும் உண்டு. படித்துறைக்குப் போகும் வழியிலுள்ள பெரிய வாசலுக்குத் திலோன் கி போல் என்று பெயர். திலோன் என்ற தாசி கட்டியது என்றும், அவள் கட்டிய வாசல் வழியாக அரச குடும்பம் போவதா என்று இடிக்க வந்தபோது, அதன்மேல் கிருஷ்ணர் சந்நிதி வைத்து அதைக் கோயிலாக்கிக் காப்பாற்றினாள் என்றும் அங்கே சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ, வாசல் இன்னும் நிற்கிறது.

மண்டபங்களைப் பார்த்து முடித்தவுடன் திரும்பிவிடாதீர்கள். ஏரிக்கு வெளியே விரிந்து கிடக்கும் கல்லாங்காட்டையும் ஒரு நிமிஷம் பாருங்கள். ஆகோர் என்று சொல்லும் நீர்ப்பிடிப்பு நிலம் அது. பெய்யும் மழை அதன்மேல் வழிந்துதான் ஏரிக்கு வரவேண்டும் என்பதால், அதை அசுத்தம் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாட்டை ஊரே காத்திருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்தால் மிச்சம் அடுத்த குளத்துக்கு, அதற்கடுத்த குளத்துக்கு என்று போகும். சோழவரமும் செங்குன்றமும் தெரிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் முழுக்கக் குடித்தது கடீசர் தண்ணீரைத்தான். இன்று நமக்குக் கண்டலேறுவிலிருந்து பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் வருகிற மாதிரி, அவர்களுக்குப் பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாக வருகிறது. அது வந்த பிறகுதான் ஏரி படகு விடும் இடமானது.

இப்போது கோட்டைக்கு வருவோம். திரிகூட மலைமேல் இருக்கும் கோட்டை இது. உருண்டையான கொத்தளங்கள் 99. அவற்றில் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. 2013-இல் யுனெஸ்கோ ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அதில் ஒன்று. மற்ற கோட்டைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது, இதற்குள் இன்றும் ஜனங்கள் குடியிருப்பதுதான். துணி உலர்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, வாசலில் பசுமாடு நிற்கிறது, கல்யாணம் நடந்த வீட்டுச் சுவரில் மணமக்கள் பெயரும் தேதியும் பிள்ளையார் படத்தோடு எழுதியிருக்கிறது.

உள்ளே தங்க வேண்டாம் என்று நான் சொல்வதும் அந்த ஜனங்களுக்காகத்தான். கோட்டை நிற்பது கருங்கல் பாறைமேல் இல்லை. கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கின்றன. கடீசரிலிருந்து தலையில் குடம் சுமந்து ஏற்றிய காலத்தில் ஒரு வீட்டில் செலவான தண்ணீர் கொஞ்சம்தான். அதற்கேற்றபடிதான் கோட்டையின் வடிகாலும் இருந்தது. பிறகு குழாய் வந்தது, சுற்றுலா வந்தது, விடுதிகள் வந்தன, அறைக்கு அறை குளியலறை வந்தது. கசிந்த தண்ணீர் கீழே களிமண்ணுக்குள் இறங்கி, மண் ஊறி, மேலே சுவர்கள் உப்பிச் சில கொத்தளங்கள் சரிந்தே போயின. அழியும் ஆபத்திலுள்ள நினைவுச் சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996, 1998, 2000 என்று மூன்று முறை இந்தக் கோட்டை இடம்பெற்றது. வடிகால் வேலைகள் பிறகு நடந்திருக்கின்றன. ஆனாலும் நாம் போய் இரண்டு வாளி வெந்நீரை அங்கே கொட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. கீழே ஊருக்குள்ளேயே, மொட்டைமாடியிலிருந்து கோட்டை முழுசாகத் தெரிகிற விடுதிகள் நிறைய உண்டு. உள்ளே இருந்தால் அந்தக் காட்சியும் கிடைக்காது.

மேலே போக நான்கு வாசல்கள்: அக்கை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல். பாதை வளைந்து வளைந்து ஏறும். பாவிய கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மாமியாருக்கு நல்ல பிடிமானமுள்ள செருப்பு கட்டாயம், ரப்பர் செருப்பு வழுக்கும். ஆட்டோ மேலே எதுவரை போகும் என்று அன்றைக்குக் கீழேயே கேட்டுவிடுங்கள். ஹவா போல் தாண்டினால் தசரா சௌக், அங்கே உட்கார இடம் உண்டு. அரண்மனைக்குள் மாடிப்படி அதிகம். அவர் சௌக்கில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கட்டும், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் பார்க்க வேண்டியது பக்கத்திலுள்ள லட்சுமிநாதர் கோயில். பெரிய சிற்ப வேலைப்பாடு கிடையாது. ஆனால் அரச குடும்பத்தின் இஷ்ட தெய்வம், ஊர்ஜனம் தினமும் வந்து கும்பிடும் சந்நிதி. பூஜை நேரத்தில் போனால் வீட்டுப் பக்கத்துப் பெருமாள் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கும்.

சிற்பம் பார்க்க ஜைனக் கோயில்கள் இருக்கின்றன. 12 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை கட்டிய ஏழு கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளேயே வழி வைத்து இணைத்தவை. மின்ட் தெருவில் சந்திரபிரபு கோயிலை வெளியிலிருந்து பார்த்தபடியே போயிருப்பீர்கள். அதே சந்திரபிரபு, பார்சுவநாதர், சம்பவநாதர் என்ற ஜைனத் தீர்த்தங்கரர்களுக்கு இங்கே தனித்தனிக் கோயில் உண்டு. சௌகார்பேட்டை ஜைனக் குடும்பங்கள் பல பாலி, ஜாலோர், சிரோஹி பக்கத்தவை. ஜெய்சல்மேர் அவர்களுக்குச் சொந்த ஊர் இல்லை, தீர்த்த யாத்திரைத் தலம். பார்சுவநாதர் கோயில் வாசலிலுள்ள தோரணத்தின் கீழே நின்று மேலே பாருங்கள். ஒரே கல்லுக்குள் ஆடுகிறவள், மத்தளம் வாசிக்கிறவன், யானை, கொடி என்று விரல் நுழையாத இடத்தில்கூட உளி நுழைந்திருக்கிறது. சம்பவநாதர் கோயிலின் நிலவறையில் ஞான பண்டாரம் என்ற நூலகம் இருக்கிறது. ஜினபத்ர சூரி என்ற துறவி 15-ஆம் நூற்றாண்டில் அமைத்தது. பழைய ஜைன ஓலைச்சுவடிகள் இத்தனை காலம் தப்பிப் பிழைத்ததற்கு இந்தக் காய்ந்த காற்றும் ஒரு காரணம். கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் வெளியாட்களை விடமாட்டார்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதுவும் உள்ளே கூடாது. அறையிலேயே வைத்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

கோட்டைக்குக் கீழே ஊருக்குள் ஹவேலி என்னும் வியாபாரிகளின் மாளிகைகள். பட்வோன் கி ஹவேலிக்கு மட்டும் நேரம் நிறைய ஒதுக்குங்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு அங்கே கேட்காமலே பல விஷயம் புரியும். குமான் சந்த் பட்வா என்பவர் ஜரிகை வியாபாரி, அதோடு வட்டிக்கடையும் உண்டு. சிந்து, ஆப்கானிஸ்தான் பக்கம் போகிற ஒட்டகச் சாத்துகள் இந்த ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும், அதில் சம்பாதித்தார்கள். 1805-இல் ஆரம்பித்து, ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து மாளிகை என்று வரிசையாகக் கட்டி முடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. எதிர்ச் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து பார்த்தால்தான் முழு முகப்பும் கண்ணில் அடங்கும், தெரு அவ்வளவு குறுகல். ஜரோகா என்ற அந்தச் சித்திர மாடங்கள் அழகுக்காக மட்டும் வைத்தவை இல்லை. கல் சல்லடையின் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே வரும்போது வெயிலின் கண்கூச்சம் போய், அனலும் தணிந்து காற்று மட்டும் வரும். உள்ளிருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து அவர்களைப் பார்க்க முடியாது. சுவர்க் கற்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், பல இடங்களில் சுண்ணாம்புச் சாந்து தெரியாது. ஒரு கல்லில் பள்ளம், அடுத்த கல்லில் முனை, தேவைப்பட்ட இடத்தில் இரும்புக் கொக்கி என்று மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சாந்து குழைக்கத் தண்ணீர் வேண்டும், அது அங்கே குடிக்கவே கிடைப்பது அரிது. செதுக்கியவர்கள் சிலாவட் என்ற முஸ்லிம் சிற்பிகள், செதுக்கச் சொன்னவர்கள் ஜைன வியாபாரிகள்.

சாலிம் சிங் ஹவேலியையும் நத்மல் ஹவேலியையும் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். நத்மல் ஹவேலியில் இடப்பக்கத்தை ஒரு சகோதரரும் வலப்பக்கத்தை இன்னொருவரும் செதுக்கினார்கள், இரண்டும் ஒன்றுபோல இருக்காது. எங்கே மாறுகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து வியாபாரம் கடல்வழி போனது. 1947-இல் எல்லைக்கோடு விழுந்து மிச்சமிருந்த சிந்துப் பாதையும் அடைபட்டது. ஜெய்சல்மேர் பெரிய நகரமாக வளராமல் நின்றதற்கு இந்த இரண்டும் காரணம்.

இரண்டாம் நாள் வண்டி வைத்துக்கொண்டு குல்தாரா போங்கள். ஊரிலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். கூகுளில் தேடினால் பேய்க் கிராமம் என்றுதான் வரும். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர் அது. திவான் சாலிம் சிங் ஒரு பெண்ணைக் கேட்டுத் தொல்லை கொடுத்ததால் சுற்றிலுமுள்ள 84 கிராமத்தாரும் ஒரே ராத்திரியில் சாபம் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பது கதை. 19-ஆம் நூற்றாண்டில் ஊர் காலியானது உண்மை. கிணறுகள் வற்றியது, வரிக்கொடுமை என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. நிலநடுக்கம் வந்திருக்கலாம் என்று இடிபாடுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள். பேய் பேச்சை வழிகாட்டி ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, "கடீன் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அதற்காகவே நான் அங்கே போகச் சொல்கிறேன். கல்மேட்டின் சரிவில் பெய்யும் மழை ஓடிவரும் தாழ்வான இடத்தில், குறுக்கே நீளமாக ஒரு மண்கரை போடுகிறார்கள். தண்ணீர் தேங்கி, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். அதிகமானால் வழிய ஒரு பக்கம் கலிங்கு. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அப்புறம் பாய்ச்சலே கிடையாது. நம் ஏரியில் தண்ணீரைத் தேக்கி மதகு வழியாக வெளியே வயலுக்கு விடுகிறோம். அங்கே தண்ணீர் தேங்கிய இடமே வயல். தேங்கி இறங்கும் தண்ணீர் உப்பையும் அடித்துக்கொண்டு போவதால் நிலம் கெடாது. பாலிவால்கள் போய்விட்டாலும் கடீன்கள் பல இன்றும் பயிராகின்றன. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தால் டிசம்பரில் நீங்கள் போகும்போது, சுற்றிலும் காய்ந்த கல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பயிர் நிற்கும். கரைமேல் ஏறி நில்லுங்கள், பயிருக்குள் இறங்காதீர்கள்.

அதே நாளில் லோதுர்வாவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெய்சல்மேருக்கு முந்தைய தலைநகரம், இப்போது மிச்சம் ஒரு பார்சுவநாதர் கோயிலும் அதன் தோரணமும். வழியில் அமர் சாகர். சாயங்காலத்தைப் படா பாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், மன்னர்களின் நினைவுக் குடைமண்டபங்கள் வரிசையாக நிற்கும் இடம். பின்னால் காற்றாலைகள் சுற்றுவது புகைப்படத்தைக் கெடுக்கிறது என்று சிலர் குறைப்படுவார்கள்; ஆரல்வாய்மொழி வழியாகப் போய்ப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமில்லை.

மணல்மேட்டுக்கு வருகிறேன். சாம் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மணல் உயரம்தான், ஆனால் சீசனில் ஜீப் சத்தமும் ஒலிபெருக்கிப் பாட்டும் நடுராத்திரி வரை ஓயாது. குரியும் ஏறக்குறைய அதே தூரம், தென்மேற்கே. மேடு சிறியது, கூட்டம் குறைவு, பக்கத்தில் மண்வீடுகளோடு ஒரு கிராமம் இருக்கிறது. எங்கே தங்கினாலும் முன்பதிவின்போதே ஒன்று கேளுங்கள்: ராத்திரி பாடப்போவது மாங்கணியார் கலைஞர்களா, சினிமாப் பாட்டு நடனமா? மாங்கணியார்கள் பரம்பரைப் பாடகர்கள், முஸ்லிம்கள். இந்துக் குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறவர்கள். கமாய்ச்சா என்ற வில் வாத்தியம் வாசிக்கிற பெரியவர் யாராவது இருந்தால், அவர் விருப்பப்படியே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பணமும் அவர் கையிலேயே கொடுங்கள். ஒட்டகத்தில் மாமியாரை ஏற்ற வேண்டாம்; அது எழும்போது முன்னும் பின்னும் தூக்கிப் போடும், முட்டிக்கும் இடுப்புக்கும் ஆகாது. ஒட்டக வண்டி கிடைக்கும், அதில் போகட்டும்.

குளிரை நம்மவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். பகலில் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி 5 டிகிரி பக்கம் இறங்கிவிடும். மார்கழிப் பனிக்கு மப்ளர் கட்டுகிற பழக்கத்தில் ஒரு ஸ்வெட்டரோடு போனால் டென்டில் தூக்கம் வராது. உள்ளே தெர்மல், காலுக்குக் கம்பளிச் சாக்ஸ், காதை மூடும் குல்லா எல்லோருக்கும் வேண்டும்.

பாகிஸ்தான் எல்லைப் பக்கத்திலுள்ள தானோத் மாதா கோயிலும் லோங்கேவாலா போர்க்களமும் ஒரு முழு நாள், போக மட்டும் 120 கிலோமீட்டர். 1965 போரில் விழுந்தும் வெடிக்காத குண்டுகளைத் தானோத் கோயிலில் வைத்திருக்கிறார்கள், எல்லைப் பாதுகாப்புப் படைதான் கோயிலைப் பராமரிக்கிறது. லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 ராத்திரி, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் சுமார் 120 பேர் பாகிஸ்தானின் ஒரு டாங்கிப் படையை விடியும்வரை தடுத்து நிறுத்தினார்கள். விடிந்ததும் விமானப்படை வந்தது. பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால் மூன்றாம் நாளை இதற்குக் கொடுங்கள், மாமியார் விடுதியில் ஓய்வெடுக்கட்டும். இல்லாவிட்டால் ஜோத்பூர் சாலையிலுள்ள போர் அருங்காட்சியகம் போதும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றாம் நாளில் பார்மேர் சாலையிலுள்ள ஆகல் போவேன், 17 கிலோமீட்டர்தான். திருவக்கரையில் கல்மரம் பார்த்திருந்தால் இது அதன் மூத்த உறவு. திருவக்கரை மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி வருஷம், ஆகல் மரங்களுக்கு 18 கோடி. இன்றைய பாலைவனத்தில் அன்றைக்கு அடர்காடு இருந்ததற்கு அந்தக் கல்லான அடிமரங்கள் சாட்சி. இரும்புக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருப்பதால் முதல் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். வயதைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

பாலைவனத் தேசியப் பூங்காவில் கானமயில் பார்க்க ஆசை இருந்தால் வனத்துறையிடம் கேட்டு அதிகாலையில் போக வேண்டும். உலகத்திலேயே சுமார் 150 தான் மிச்சம் என்று சொல்லப்படும் பறவை, கண்ணில் படும் என்று உறுதி கிடையாது. மின்கம்பிகளில் மோதிச் சாவது அதன் அழிவுக்கு ஒரு பெரிய காரணம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். குளிர்காலத்தில் கம்பு ரொட்டி, நெய், வெல்லம் கிடைக்கும், மாமியாருக்குப் பிடிக்கும். கேர் சாங்ரி கறியைக் கட்டாயம் கேட்டுச் சாப்பிடுங்கள். சாங்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியின் காய். பறித்துக் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள்.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு. பகத் கி கோட்டி என்று டிக்கெட்டில் இருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் ஜோத்பூரிலுள்ள நிலையம்தான். அங்கிருந்து ஜெய்சல்மேர் ரயிலில் ஐந்தாறு மணி நேரம். பயணமே இரண்டு ராத்திரிக்குக் குறையாது என்பதால் உங்கள் நாலு நாள் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். டிசம்பர் 20-க்கு மேல் ஊர் நிரம்பிவிடும், அறை வாடகையும் ஏறும். தேதியைத் தள்ளிவைக்க முடிந்தால் பொங்கல் கழித்துப் போங்கள். முடியாதென்றால் கீழ்த்தள அறையாக, கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் இப்போதே பிடித்துவிடுங்கள்.